கண்மாயில் தொடங்கிக் கடலுக்குச் செல்வோம்

திருமயம் கடற்கரை ஊர் அன்று. ஆயினும், 1687ஆம் ஆண்டில் இங்குக் கோட்டை எழுப்பியவர் முத்தும் சங்கும் விளைந்த கடற்கரையை ஆண்ட இராமநாதபுரம் சேதுபதி. இதே மாவட்டத்துக் கறுக்காகுறிச்சியில் 1898ஆம் ஆண்டில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மீது வெட்டுத் தழும்பு காணப்பட்டது. கடல் கடந்து வந்த அக்காசுகள் எத்துறையில் இறங்கின, எத்தகைய மரக்கலத்தில் வந்தன என்பவற்றுக்கு நிலத்தில் மட்டும் விடை தேடினால் போதாது. நீருக்கடியிலும், ஓதம் ஏறி இறங்கும் கரையிலும் தேட வேண்டும். அங்ஙனம் முறையாகத் தேடக் கற்ற மாணவர் நம்மிடையே எத்தனை பேர்?

பூம்புகார் நமக்கு நல்லதொரு பாடம். அங்குக் கீழையூரில் 1960களில் நடந்த அகழாய்வில் பழைய படகுத்துறையின் செங்கற் கட்டடம் வெளிப்பட்டது. பின்னர்க் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார், தமிழ்நாடு தொல்லியல் துறையினரோடு இணைந்து, அறிஞர் எஸ். ஆர். ராவ் தலைமையில் கடலுள் ஆராய்ந்தனர். 1991ஆம் ஆண்டில், சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு அறியப்பட்டது. அதன் காலத்தைப் பற்றி அன்று தொட்டு மாறுபட்ட கூற்றுகள் உலவுகின்றன. பல்லாயிரம் ஆண்டுக் கணக்குச் சொல்வாரும் உளர். அதே கடற்பகுதியில் மூழ்கிய கப்பலொன்றின் ஈயக்கட்டிகளிலோ 1791, 1792 என்னும் ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே, அக்கப்பல் 1792க்கு முன் மூழ்கியிருக்க இயலாது என்று துணிய முடிந்தது. சான்றைப் படிக்கத் தெரிந்தால் அறிவு வளரும். தெரியாவிடில் ஆரவாரமே வளரும். சான்றற்ற பெருமை தமிழுக்குத் தொண்டாகாது.

இக்கல்வி ஒரே நாளில் கைவருவதன்று. இங்கிலாந்தில் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து எழுப்பிய பின், அந்நாட்டுக் கடல்சார் தொல்லியல் கழகத்தினர் படிப்படியான செய்முறைப் பயிற்சிகளை வகுத்தனர். முதற்படி எளிய அறிமுகம், பின்னர் அளத்தல், வரைதல், பதிவு செய்தல், அதன்பின் களப்பணி. நீச்சல் அறியாதவரும் கரைப்பணியில் பங்குபெற அதில் இடமுண்டு. 23 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் மூன்று மடங்கிற்கும் மிகும். அங்குத் தங்கும் நேரமோ மிகக் குறைவு. தரையில் நாடா பிடித்துப் பிழையின்றி அளக்கக் கல்லாதவர் அங்கே சென்று என் செய்வார்?

நமக்குரிய முதற் பள்ளிக்கூடம் கண்மாயே. புதுக்கோட்டைச் சீமையின் பழங்கண்மாய்களில் குமிழித் தூம்புகள் உள்ளன. சிலவற்றின் கற்களில் கல்வெட்டுகளும் உள. கோடையில் நீர் வற்றும்போது மாணவர் மதகை அளந்து, வரைந்து, படமெடுத்து, ஊர்ப் பெரியோர் கூறுவதைக் குறித்துவைக்கலாம். இரண்டாம் படி நம் மாவட்டக் கடற்கரை. கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களில் பழைய படகுகளின் கட்டுமானத்தையும், கரை ஒதுங்கும் பானையோடுகளையும், மீனவர்தம் கடற்சொற்களையும் பதிவு செய்யலாம். மூன்றாம் படியில், உடல்தகுதி உள்ளோர் மருத்துவச் சான்றுடன் நீச்சலும் முக்குளித்தலும் பயிலட்டும். நான்காம் படியில், 2001இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொல்லியல் துறையின் நீரடித் தொல்லியல் பிரிவு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர் மேற்பார்வையில் பணியாற்றட்டும்.

ஒரு நெறியை முதல் நாளிலேயே மாணவர் உள்ளத்தில் பதித்தல் வேண்டும். கண்டதைக் கையால் எடுப்பது ஆராய்ச்சி அன்று. உப்புநீரில் ஊறிய மரம் உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும், இரும்பு உதிரும். 'மேரி ரோஸ்' கப்பலின் மரத்தைக் காக்க நீரும் மருந்தும் தெளிக்கும் பணி 2013 வரை நீடித்தது. இடம் பெயர்ந்த பொருள் பக்கம் கிழிந்த நூல் போன்றது.

சங்கு குளிப்போரை ஆசிரியராக ஏற்கவும் நாம் தயங்கலாகாது. இலங்கையின் கொடவாய அருகே, இந்துமாக்கடலின் மிகப் பழைய கப்பற்சிதைவுகளுள் ஒன்றை 2003இல் முதலில் கண்டவர்கள் சங்கு குளிப்போரே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முத்துக்குளித்தலிலும் கடல் வாணிகத்திலும் புகழ்பெற்ற முஸ்லிம் பெருமக்களின் குடும்ப நினைவுகளும் தொகுக்கத்தக்கவை. 'மாலுமி' என்னும் சொல், ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். கடலறிந்தவனையே ஆசான் என்றழைத்த மரபு நம்முடையது.

இதனால் வேலை கிடைக்குமா, செலவு மிகாதா, பிள்ளைகளுக்கு ஆபத்தில்லையா என்று பெரியோர் வினவுதல் இயல்பே. முதலிரு படிகளுக்கு வேண்டியவை அளவுநாடா, வரைதாள், நிழற்படக்கருவி, பொறுமை ஆகிய நான்கே. ஆபத்துள்ள படியைத் தகுதியுடையோர் மட்டும், தேர்ந்தோர் துணையோடு ஏறுவர். வேலை கிட்டாவிடினும், உற்றுநோக்கி உள்ளதை உள்ளவாறு எழுதும் பழக்கம் எத்தொழிலுக்கும் துணையாகும். கண்மாய்கள் தூர்வாரப்படுகின்றன, கரைகளைக் கடல் அரிக்கிறது, மரப்படகுகளின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துவிட்டன. எஞ்சியிருப்பதைப் பதிவு செய்யும் வாய்ப்பு இத்தலைமுறையின் கையில்தான் உள்ளது. தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் கைகோத்து, வரும் கோடையிலேயே ஒரு கண்மாயைத் தேர்ந்து இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.