பழவேற்காடு முகத்துவாரம்: ஐந்தாண்டுக்கு ஒரே அனுமதி வேண்டும்

பழவேற்காடு ஏரி வங்கக் கடலைச் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது புதிய செய்தி அல்ல. ஒவ்வொரு முறையும் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மீனவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பார்கள். மீன்வளத்துறை வனத்துறையைக் கேட்கும். வனத்துறை மேலிடத்தைக் கேட்கும். அதற்குள் மணல் திட்டு கரையோடு கரை சேர்ந்துவிடும். கடைசியில் கிராமத்தார் தாங்களே பணம் பிரித்து பொக்லைன் எந்திரத்தை வாடகைக்கு எடுத்தோ, மண்வெட்டியோடு இறங்கியோ ஒரு கால்வாய் வெட்டுவார்கள். சில வாரங்களில் அதுவும் மூடிக்கொள்ளும்.

இந்தச் சுற்று நிறுத்தப்பட வேண்டும். முகத்துவாரத்தை ஆண்டுதோறும் தூர்வாரிப் பராமரிக்க ஐந்தாண்டுக்கு ஒரே அனுமதியை, கடுமையான நிபந்தனைகளோடு, மத்திய மாநில அரசுகள் வழங்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

முதலில், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஓர் அலை தன் உயரத்தைவிடக் கால் பங்கு கூடுதலான ஆழம் இருக்கும்வரை உருண்டு வரும். ஆழம் அதற்குக் கீழே குறைந்தால் உடையும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால், கரையோரம் உடைய வேண்டிய அலை படகுப் பாதையின் நடுவிலேயே உடைகிறது. வலையும் மீனுமாகப் பாரத்தோடு திரும்பும் ஃபைபர் படகின் எஞ்சின் விசிறி மணலில் இடிக்கும், எஞ்சின் நிற்கும், படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலையில் கவிழ்ந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்திலும் கேரளத்து முதலப்பொழியிலும் துறைமுக வாயில் மணல் இப்படித்தான் மீனவர்களின் உயிரைத் தொடர்ந்து பறித்து வந்திருக்கிறது. ஆழ்கடலின் புயலுக்குத் தப்பியவர் வீட்டுக்கூரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சாவதை இயற்கையின் மேல் பழிபோட்டு நாம் கடந்துவிட முடியாது.

மணல் ஏன் அடைக்கிறது? கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாகவே நகர்கிறது. வாடைக் காலத்தில் எதிர்த்திசையில் போனாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகத்தின் கல்சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரத்தில் கரை கரைந்ததும் இதனால்தான். பின்னர் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் மணலின் வழியை மாற்றியது. அவற்றுக்கு வடக்கே கரை அரிக்கிறது. அரித்த மணல் மேலும் வடக்கே போய் முகத்துவாரத்தை எட்டுகிறது.

வந்த மணலைக் கடலுக்குள் தள்ளும் வலிமை ஏரியிடம் இருந்திருந்தால் இது பெரிய சிக்கல் ஆகியிருக்காது. ஒரு முகத்துவாரத்தைத் திறந்து வைப்பவை இரண்டு: ஆற்று வெள்ளமும் கடலின் ஏற்றவற்றமும். ஆரணி ஆற்றின் நீர் ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையிலும் வழியிலுள்ள தடுப்புகளிலும் தேங்கிவிட, மிச்சம் வருவது வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் மட்டும். இந்தக் கரையில் ஏற்றவற்றமோ பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஏரியின் சராசரி ஆழமும் அவ்வளவுதான். அதுவும் வண்டலால் குறைந்து வருகிறது. உள்ளே புகுந்து வெளியேறும் நீரின் அளவு சுருங்கச் சுருங்க, மணலை வாரிச் செல்லும் வேகமும் சுருங்குகிறது. அணை கட்டியதும் துறைமுகம் கட்டியதும் மனிதர்களே. அப்படியிருக்க, முகத்துவாரத்தை மட்டும் ‘இயற்கையாக விட்டுவிடுங்கள்’ என்பதில் நியாயம் இல்லை.

சட்டம் இந்த இடத்தில்தான் கடுமையான அநீதி செய்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதன் 2009 திருத்தமும் துறைமுகங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்கின்றன: புதிதாக ஆழப்படுத்துவதற்கு முன் அனுமதி வேண்டும், பராமரிப்புத் தூர்வாரலுக்கு வேண்டாம், அது தொடக்கத் திட்டத்திலேயே இடம்பெற்று, அந்தத் திட்டத்துக்கு அனுமதியும் கிடைத்திருந்தால். பெரிய துறைமுகத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஒருமுறை ஆய்வு, ஒருமுறை அனுமதி, பிறகு ஆண்டுதோறும் தடையின்றிப் பராமரிப்பு. ஆனால் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குத் தொடக்கத் திட்டம் ஏது? அதை யாரும் கட்டவில்லை. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை எழுப்பி வணிகம் செய்தபோதே அது படகுப் பாதையாக இருந்தது. எந்த அலுவலகத்திலும் கோப்பு இல்லாத அந்தப் பழமையே இன்று அதற்கு எதிராக நிற்கிறது. சில கிலோமீட்டர் தெற்கே ஒரு நிறுவனத்தின் கப்பல் பாதையைத் தூர்வார வருடா வருடம் புதிய அனுமதி தேவைப்படாதபோது, தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் மீனவர் பாதைக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இதற்குத் தடை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீர்வழிகளையும் கால்வாய்களையும் பராமரிப்பதையும், மணல் திட்டு சேராமல் தடுப்பதையும் உரிய ஆய்வின் பேரில் செய்ய 2011 அறிவிக்கையே இடம் கொடுத்தது. வழி இருக்கிறது. அதில் ஒருமுறை போய் நிலையான உத்தரவு ஒன்றைப் பெற்றுவர யாரும் முனையவில்லை.

வனச் சட்டத்தின் தடை இன்னும் தீவிரமானது. அதை மதித்தே பேச வேண்டும். ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் நீர் வருவதையோ வெளியேறுவதையோ மாற்றுவதைத் தடை செய்கிறது. அந்த மாற்றம் அங்குள்ள உயிரினங்களின் மேம்பாட்டுக்கே அவசியம் என்று அரசு உறுதிசெய்துகொண்டால் மட்டும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம். நல்ல சட்டம் இது. இதில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்த வேண்டாம் என்றே சொல்கிறோம். ஏனென்றால் பழவேற்காடு இந்தச் சோதனையில் தேறும்.

முகத்துவாரம் மூடினால் ஏரிக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால் இது புரியும். கோடையில் நீர் ஆவியாகும். புது நீர் வராது. ஏரியின் உப்பு கடலின் உப்பையும் மிஞ்சும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தவை மீண்டும் கடலுக்குப் போகும். வாயில் அடைத்தால் இந்தப் போக்குவரத்தே அறுந்துபோகிறது. மடவையும் கொடுவாவும் அப்படியே. ‘பாடு’ என்ற முறையில் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று பகிர்ந்து, ஏரியைச் சுரண்டாமல் மீன்பிடித்த கிராமங்கள் இவை. எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும் ஏரிக்குள் இறாலே வராதபோது எதைப் பங்கிடுவது? படகும் வலையும் இல்லாமல், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றுநீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அடி முதலில் விழுகிறது. அவர்களுக்குக் கடலுக்குப் போகும் மாற்றுவழியும் இல்லை.

பறவைகளுக்கும் இதே கதைதான். ஆந்திரத்தின் நேலப்பட்டில் கூடுகட்டும் கூழைக்கடாக்கள் குஞ்சுக்கு மீன் எடுக்க வருவது இந்த ஏரிக்குத்தான். பூநாரைகள் மேயும் ஆழமற்ற நீர்ப்பரப்பு முகத்துவாரத் தூர்வாரலால் மூழ்கிவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஏறக்குறைய ஒரு மீட்டரே ஏறி இறங்கும் கடல், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளும் ஏரியின் வடகோடிச் சேற்றுத்திடலை மூழ்கடிக்காது. ஆனாலும் அளவில்லாமல் ஆழப்படுத்தினால் கடல் உள்ளே அதிகம் புகும், கரை சரியும் என்பது உண்மை. அதனால்தான் ஆழத்துக்கும் அகலத்துக்கும் உச்ச வரம்பு வேண்டும் என்கிறோம்.

இந்தியாவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரி இதே நோயால் நலிந்தது. கடலோடு இணைக்கும் வழி தூர்ந்தது, உப்பின் அளவு தாறுமாறானது, களை பரவியது, மீன்வளம் சரிந்தது. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் 1993-இல் அது சேர்க்கப்பட்டது. சிலிகா மேம்பாட்டு ஆணையம் விரிவான ஆய்வுகளுக்குப் பிறகு 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாயில் ஒன்றை வெட்டித் திறந்தது. மீனும் இறாலும் திரும்பின, களை குறைந்தது, 2002-இல் சிலிகா அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே செய்தது புதிய வாயில். பழவேற்காட்டில் கேட்பது இருக்கும் வாயிலைத் திறந்து வைப்பது மட்டுமே.

இனி, சந்தேகங்களுக்கு வருவோம். தூர்வாரல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழகக் கடற்கரை மக்கள் திடுக்கிடுவதற்குக் காரணம் இருக்கிறது. சேதுக் கால்வாய்க்காக 2005-இல் தொடங்கிய வேலை கடலடியைக் கலக்கியதோடு நின்றது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு விரிவாக்கும் திட்டத்தை இதே பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்துப் போராடி வருகிறார்கள். முகத்துவாரத்துக்கென்று பெறும் அனுமதி நாளை துறைமுகத்துக்கு மணல் எடுக்கும் வழியாகிவிடுமோ என்று அவர்கள் அஞ்சுவதில் தவறே இல்லை. ஆகவே உத்தரவிலேயே எழுத வேண்டும்: இது படகுப் பாதைக்கு மட்டும், வரைபடத்தில் குறித்த எல்லைக்குள் மட்டும், எடுத்த மணலில் ஒரு லாரிகூட விற்பனைக்கோ நிலம் மேடாக்கவோ போகக் கூடாது.

அந்த மணலுக்குச் சொந்தக்காரர் உண்டு. அரித்துக்கொண்டிருக்கும் கரைதான் அது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வாரும் மணலை ஆர்.கே. கடற்கரைக்கு அனுப்பிக் கரையை ஊட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. இங்கேயும் அதையே செய்யலாம். ஆனால் முகத்துவாரத்துக்குத் தெற்கே பக்கத்திலேயே கொட்டினால் அதே மணல் மறுபடி வாயிலுக்கு வந்து சேரும். எவ்வளவு தள்ளி, எந்தக் கரையில் கொட்டுவது என்பதைச் சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையும் கணித்துச் சொல்ல முடியும். அந்தக் கணிப்பில் நீரோட்டத்தைத் தினமும் பார்க்கும் மீனவர்களின் சொல்லுக்கும் இடம் வேண்டும்.

“கல்சுவர் கட்டினால் தீர்ந்துவிடுமே, பிறகேன் தூர்வாரல்?” என்று கேட்கலாம். முகத்துவாரத்தை நிலைப்படுத்த சுமார் ரூ.27 கோடியில் தீட்டிய திட்டம் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போய்த்தான் வெளியே வந்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் கல்சுவர் மணலைச் சிறிது காலம் தடுக்குமே தவிர, இல்லாமல் செய்யாது. தெற்குச் சுவரை ஒட்டிச் சேரும் மணல் ஒருநாள் அதன் முனையைச் சுற்றி வாயிலுக்குள் வரும். முதலப்பொழியில் இருபுறமும் கல்சுவர் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அங்கே வாயில் முழுவதுமாக அடைத்துக்கொண்டது. சுவர் கட்டிவிட்டுத் தூர்வாரலை மறந்தால் பழவேற்காட்டிலும் அதைத்தான் காண்போம்.

வருடா வருடம் மணலை வாருவது வீண்செலவு என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. கொல்கத்தாத் துறைமுகத்துக்காக ஹூக்ளி ஆற்றைத் தூர்வார மத்திய அரசு பல பத்தாண்டுகளாக மானியம் கொடுத்து வந்திருக்கிறது. கொச்சியிலும் ஆண்டுதோறும் வண்டலை அள்ளுகிறார்கள். அங்கெல்லாம் அது துறைமுகத்தை நடத்தும் அன்றாடச் செலவு. கப்பலுக்குப் பொருந்தும் கணக்கு ஃபைபர் படகுக்கும் பொருந்த வேண்டும். அதிலும், இங்கே கேட்கும் ஆழம் கப்பலுக்கு வேண்டியதில் சிறு பங்குதான்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மீன்வளத்துறை ஐந்தாண்டுத் தூர்வாரல் திட்டத்தை ஒரே விண்ணப்பமாக மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடமும் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமும் சமர்ப்பிக்க வேண்டும். குறித்த அளவுக்குக் கீழே ஆழம் குறைந்ததும் புதிய கோப்பு எதுவும் இல்லாமல் திருவள்ளூர் ஆட்சியரே வேலையைத் தொடங்க அதிகாரம் தர வேண்டும். ஆமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரை எந்திரம் கரையில் இறங்கக் கூடாது. பெரிய வேலை ஆகஸ்ட், செப்டம்பரில் முடிய வேண்டும். பருவமழை வெள்ளம் வரும்போது வாயில் திறந்திருந்தால்தான் ஏரியோர ஊர்களுக்குள் நீர் புகாது. ஒவ்வொரு முறையும் எடுத்த மணலின் அளவு, ஆழம், கொட்டிய இடம் ஆகியவை மீனவ கிராமப் பஞ்சாயத்துகளின் முன் வைக்கப்பட வேண்டும். நிபந்தனை மீறினால் வேலையை நிறுத்தக் கோரும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், துறைமுகங்களுக்குத் தந்த பராமரிப்பு விலக்கில் பாரம்பரிய மீன்பிடி முகத்துவாரங்களுக்கும் தனி வகை சேர்த்து அறிவிக்கையைத் திருத்த வேண்டும். திருத்தம் வரக் காலம் ஆகும். அதுவரை காத்திராமல், ஏரியின் பெரும்பகுதியைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் ஆந்திர அரசோடு தமிழக அரசு இப்போதே பேசி, வருகிற ஆகஸ்டுக்குள் தூர்வாரும் எந்திரம் முகத்துவாரத்தில் இறங்க வழி செய்ய வேண்டும்.