பட்டி பாத்தா மட்டும் போதுமா?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரந்தான் லீவு கெடச்சு சின்னமனூருக்குப் போனேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சு அண்ணாந்து பாத்தா, ஹால்ல மறுபடியும் அதே கோடு. ஜிப்சம் சீலிங்கும் சுவரும் சேர்ற மூலையில, பென்சிலால இழுத்த மாதிரி விரிசல். ரெண்டு வருஷமா பெயிண்டர் வந்து பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சிட்டுப் போற அதே இடம்.

"வேலை தெரியாதவன்கிட்ட குடுத்துட்டேன்டா" என்கிறார் அப்பா. சீலிங் போட்ட அண்ணனுக்குத் தரவேண்டிய பாக்கி 4000 ரூபாயையும் நிறுத்தி வச்சிருக்கார்.

நம்ம பொழப்புல ஒரு பிழை திரும்பத் திரும்ப வந்தா, மேலாப்புல ஒட்டுப் போட்டு மூடுவோமா? எப்போ வருதுன்னு பாப்போம்ல. அதையே செஞ்சேன். விரிசலுக்கு ரெண்டு பக்கமும் பென்சில்ல குறி வச்சு, மூணு நாள் அளந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு விரியுது, விடியக்காலையில சுருங்குது. அப்பவே தெரிஞ்சு போச்சு, குற்றவாளி மொட்டைமாடியில காயிற வெயில்.

கணக்கு ரொம்ப சிம்பிள். காங்கிரீட் ஒரு டிகிரி சூடானா, மீட்டருக்கு சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். எங்க தளம் 30 அடி. 20 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அதோட மேல்பக்கம் அதிகம் சூடாகுறதால தளம் லேசா மேல வளையும். சீலிங் தொங்குறது தளத்துல, அதோட ஓரம் நிக்கிறது சுவத்துல. செங்கல் சுவர் அவ்வளவு நீளாது. ஒண்ணு நகருது, ஒண்ணு நிக்குது, நடுவுல மாட்டிக்கிட்ட பட்டி பாவம் என்ன செய்யும்?

இது நம்மூர் வியாதி மட்டுமில்ல. அமெரிக்காவுல மரக்கூரை வீடுகள்ல குளிர்காலத்துல கூரைச்சட்டம் மேல வளைஞ்சு இதே மூலை பிளக்கும். அங்க சுவரை ஒட்டி ஒண்ணரை அடிக்கு போர்டை மேல்சட்டத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்காம விட்டுடுறாங்க. நம்ம இந்தியத் தர நிர்ணய அமைப்பே விரிசல்களுக்காக 1984ல எஸ்பி 25னு ஒரு கையேடு போட்டிருக்கு. ஆனா ஊர்ல அதைப் படிச்சவங்க எத்தனை பேர்?

என் கருத்து இதுதான்: அசையுற மூலையை அடைக்காதீங்க, அசைய விடுங்க. மொதல்ல மாடியில தட்டோடு பதிக்கிறதோ, வெள்ளை கூல் பெயிண்ட் அடிக்கிறதோ செஞ்சு சூட்டைக் கொறைக்கணும். அப்புறம் உதிர்ற பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துட்டு, போர்டு ஆடுதான்னு பாத்து சேனல்ல ஸ்க்ரூ போடணும். அசைவு கம்மின்னா பேப்பர் டேப்பை மடிச்சு மூலையில ஒட்டி, ஒவ்வொரு கோட்டும் காய்ஞ்ச பெறகு அடுத்தது. அசைவு ஜாஸ்தின்னா ரப்பர் மாதிரி இழுபடுற, பெயிண்ட் ஏறுற சீலன்ட். புதுசா போடுறவங்க சுவருக்கும் போர்டுக்கும் நடுவுல அரை இஞ்ச் இடைவெளி விட்டுடுங்க. பாக்கவும் அழகா இருக்கும்.

சீலிங் அண்ணனைப் போய் பாத்தேன். "மூலைக்கு டேப் ஒட்டலையேண்ணே?"ன்னேன். "கிரகப்பிரவேசத்துக்கு மூணே நாள், முடிச்சுக் குடுன்னு ஒங்கப்பா நின்னாரு தம்பி. டேப் ஒட்டி காயவிட எங்க நேரம்?"

வீட்டுல வந்து அளந்த கணக்கையும் இதையும் சொன்னேன். அப்பா ஒண்ணுமே பேசல. நான் கெளம்புற அன்னிக்கு அவரே போன் போட்டு, "பாக்கியை வந்து வாங்கிக்கப்பா, அந்த மூலையையும் பாத்துக் குடு, இந்த தடவை அவசரமில்ல"ன்னார்.

வீட்டுல விரிசல் விட்டா ஒடனே வேலைக்காரர் கூலியில கை வைக்கிறோம். ஒரு பென்சில் குறி வச்சு மூணு நாள் பொறுத்துப் பாருங்க மக்களே.

டிஸ்கி: மூலையில பழுப்புக் கறை இருந்தா அது தண்ணிக் கசிவு, மொதல்ல அதை நிறுத்துங்க. சுவத்துலயே சாய்வா பெரிய விரிசல் ஓடினா சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. நான் வெறும் கம்ப்யூட்டர் இன்ஜினியர்தான்.