கட்டற்ற மென்பொருளும் கட்டுண்ட நேரமும்

போன வருடம் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனேன். காணொளி வழியாகத்தான். நாற்பது நிமிடம் நன்றாகவே நடந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவர்கள் கொடுத்த நிரலில் ஒளிந்திருந்த பிழையையும் கண்டுபிடித்தேன். கடைசியாக எதிரே இருந்தவர் என்னுடைய கிட்ஹப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்? ஓப்பன் சோர்ஸ்ல ஆர்வம் இல்லையா?" என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை. தொழிலில் எனக்கு 'ஈடுபாடு போதவில்லை' என்று பதில் வந்தது.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் தோழிகளுக்காகச் சொல்கிறேன். கிட்ஹப் என்பது உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து, பகிர்ந்து, திருத்திக்கொள்ளும் தளம். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கட்டம். அன்றைக்கு ஏதாவது பங்களித்திருந்தால் கட்டம் பச்சையாகும், இல்லாவிட்டால் வெளுத்துக் கிடக்கும். அலுவலகத்துக்காக நான் எழுதும் நிரல் அலுவலகக் கணக்கிலேயே தங்கிவிடும். ஆகவே என் பக்கத்தைப் பச்சையாக்க வேண்டுமென்றால் வேலை முடிந்த பிறகு, சம்பளம் இல்லாமல், தனியாக எழுதியாக வேண்டும்.

என் கணவருடைய பக்கம் கன்னிப்பூ நட்ட வயல் மாதிரி பச்சைப் பசேல் என்றிருக்கும். என்னுடையது பிளாட் போட்ட வயல். நாங்கள் இருவரும் நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவருக்கும் டெக்னோபார்க்கில் வேலை. காலையில் ஒரே ரயிலில் இரணியல், குழித்துறை, பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் போகிறோம், இரவு ஒரே ரயிலில் திரும்புகிறோம். வீட்டுப் படியேறும் வரைக்கும் எங்கள் நாள் ஒன்றுதான். படியேறிய பிறகு அவர் குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறார். நான் அடுக்களைக்குப் போகிறேன். ராத்திரிச் சோறு, பிள்ளையின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரை, மறுநாள் தீயலுக்குத் தேங்காய் துருவி வைப்பது, பாத்திரம் எல்லாம் முடிய பதினொன்றாகும். அதற்குள் அவர் அன்றைய கட்டத்தைப் பச்சையாக்கியிருப்பார்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் வசதி.

கட்டற்ற மென்பொருளுக்கு நான் எதிரி இல்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் உள்ளே பார்த்துப் படிக்கவும், மாற்றவும், பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தரவுத்தளம் எனக்குப் பிடிபட்டது, து. நித்யா தமிழில் எழுதி கணியம் இலவசமாக வெளியிட்ட மைசீக்வல் புத்தகத்தைப் படித்த பிறகுதான். பணம் கட்டி வகுப்புக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு இந்த இயக்கம் எவ்வளவு பெரிய வாசல் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உள்ளே இருந்துகொண்டே சண்டை போடுகிறேன். நான்கு உரிமைகளைச் சொன்னவர்கள் ஐந்தாவதைச் சொல்லவில்லை. அது நேரம்.

ஒன்றிய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு ஓர் அளவு தருகிறது. சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலை பக்கமே போகாத ஆண்கள் இந்த 88-இல் வரவே மாட்டார்கள். வித்தியாசம் 201 நிமிடம். வருடத்துக்கு 1,200 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 150 நாள். அந்த 150 நாளைத்தான் நேர்முகத் தேர்வில் 'ஈடுபாடு' என்ற பெயரில் என்னிடம் கேட்டார்கள்.

"பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் கம்மி" என்று இப்போதும் சொல்வார்கள். 2006-இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து இல்லை. அதே கோடையில் க்னோம் பெண்களுக்கென்று உதவித்தொகையோடு தனித்திட்டம் ஒன்றை அறிவித்தது. நூறு பெண்களுக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஒரே கோடையில் ஆர்வம் எங்கிருந்து முளைத்தது? அது எப்போதும் இருந்தது. கூப்பிட்டு, கூலி தருகிறோம் என்று சொன்ன பிறகு கண்ணுக்குத் தெரிந்தது.

"கதவு திறந்துதானே கிடக்கிறது, கம்ப்யூட்டருக்கு ஆண் என்ன பெண் என்ன?" என்பது அடுத்த வாதம். கம்ப்யூட்டருக்குத் தெரியாதுதான். நிரலை ஏற்பதும் தள்ளுவதும் மனிதர்கள். கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. திட்டத்துக்குப் புதிதாக வரும் பெண்ணின் பக்கத்தைப் பார்த்தால் அவர் பெண் என்று தெரியாதபோது, ஆண்களுடையதைவிட அவருடைய திருத்தங்கள் அதிகமாக ஏற்கப்பட்டன. பெண் என்று தெரிந்தபோது ஏற்பு குறைந்தது.

நிபந்தனையோடு திறக்கும் கதவுகளை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் போட்ட உத்தரவு, நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல என்றது. அந்த வதையும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் அனுமதி கொடுப்பது வேறு, சமமாக வைப்பது வேறு என்பதை நான் கற்றது அந்த வரலாற்றில்தான்.

இப்போது இன்னொரு பக்கம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்தது தெரியவந்தது. லினக்ஸ் ஓடும் கணினிகளில் பரவலாக இருக்கும் கருவி அது. உள்நுழைய அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால் பெரிய ஆபத்து தப்பியது. அந்தக் கருவியைப் பல வருடங்களாகப் பராமரித்தவர் தனி மனிதர். சம்பளம் கிடையாது. உடம்பும் மனசும் ஓய்ந்துபோன அவரை வேகம் போதாது என்று சிலர் நெருக்கினார்கள். உதவ வந்தவன்போல் நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவன்தான் அந்த வாசலை வைத்தான்.

இந்தக் கதையைப் படித்தபோது உலகம் அதிர்ந்தது. எனக்கு அதிர்ச்சி இல்லை. ஓடும் வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்காத, நின்றால் மட்டும் கத்துகிற, கூலியில்லாத வேலை எதுவென்று ஒவ்வொரு அடுக்களைக்கும் தெரியும்.

என் அம்மா அண்டி ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் இன்னும் வெளுக்கவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று அவளுக்கு ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சம்பளம் இல்லாத சோலியா மக்ளே? அதுதான் வீட்டில நெறைய கெடக்கே" என்றாள். அண்டி ஆபீஸில் சாயங்காலம் பருப்பை எடை போடுவார்கள். எடையில் ஏமாற்றியிருக்கலாம், கூலி குறைவாக இருந்திருக்கலாம். ஆனாலும் அங்கே ஒரு தராசு இருந்தது, அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது. வீட்டில் தராசே இல்லை. கட்டற்ற மென்பொருளில் பச்சைக் கட்டம் ஒன்றே தராசு, அதில் ஒரு வீட்டின் இரண்டு பேர் உழைப்பு ஒருவர் பெயரில் எடை போடப்படுகிறது.

ஆகவே, "விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நிரல் எழுதுங்கள்" என்று என் தோழிகளுக்கு நான் அறிவுரை சொல்ல மாட்டேன். சம்பளமில்லாத ஒரு வேலையின் மேல் சம்பளமில்லாத இன்னொன்றை ஏற்றிவைப்பது விடுதலை இல்லை.

கேட்க வேண்டியதை அவரவரிடம் கேட்போம். ஆள் எடுக்கிறவர்களே, பச்சைக் கட்டங்களை எண்ணாதீர்கள். திறமையைப் பார்க்க வேண்டுமா, வேலை நேரத்தில் ஒரு பணியைக் கொடுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். இலவச நிரலின் மேல் லாபம் கட்டும் நிறுவனங்களே, அதைப் பராமரிக்கிறவர்களுக்குச் சம்பளம் போடுங்கள். 2006-இல் க்னோம் தொடங்கியது இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் தருகிறது. காசு கொடுத்தால் கட்டற்ற தன்மை கெட்டுப்போகும் என்பது கதை. குழு நடத்தும் தோழர்களே, ராத்திரி ஒன்பது மணிக் கூட்டத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். பிள்ளையோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். மொழிபெயர்ப்பையும் விளக்கக் குறிப்பையும் பிழை சோதனையையும் 'சில்லறை வேலை' என்று ஒதுக்காதீர்கள்.

வீட்டிலும் கேட்டேன். இரண்டு வாரம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, இப்போது செவ்வாயும் வியாழனும் ராத்திரி அடுக்களை அவருடையது. தீயல் அவருக்கு இன்னும் வசப்படவில்லை, சாப்பிடுகிறோம்.

அடுத்த நேர்முகத் தேர்விலும் என் பக்கம் ஏன் வெளுத்துக் கிடக்கிறது என்று கேட்பார்கள். இந்த முறை திருப்பிக் கேட்பேன்: உங்கள் பக்கம் பச்சையான ராத்திரிகளில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தை யார் கழுவினார்கள்?