தூதரைத் துரத்திவிட்டால் கணக்கு முடிந்ததா?

துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார், பக்கத்தில் மண்ணடி, கொஞ்சம் தள்ளி ராயபுரம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'குருவி' என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. சூட்கேஸ் நிறைய சரக்கோடு மலேசியா போய், வேறு சரக்கோடு திரும்பி வருகிறவர்கள். டிக்கெட் மலிவு என்பதால் அவர்களில் பலர் இறங்குவது கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. 2 டெர்மினலில். வேலை தேடிப் போகிறவர்களும், பத்துமலை பார்க்கப் போகிற குடும்பங்களும் அதே வழிதான்.

அந்த டெர்மினலில்தான் 2017 பிப்ரவரி 13 காலை கிம் ஜோங் நாம் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவினார்கள். வட கொரிய அதிபர் கிம் ஜோங் உன்னின் ஒன்றுவிட்ட அண்ணன் அவர். மக்காவில் நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தடவியது வி.எக்ஸ். என்ற நரம்பு விஷம். 15 முதல் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது என்று உலகத்துக்குச் சொன்னவர் ஒரு தமிழர், அன்றைய மலேசிய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்ரமணியம்.

கொலை நடந்தது 13-ந் தேதி. பாதுகாப்பு உடை போட்ட ஆட்கள் அந்த டெர்மினலை அலசிப் பார்த்து 'ஆபத்தில்லை' என்று அறிவித்தது 26-ந் தேதி. இடையில் 13 நாட்கள்! அத்தனை நாளும் பயணிகள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், துப்புரவுத் தொழிலாளிகள் தரையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல.

எண்ணூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அது கசிவு, இது கொலை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் விஷம் யாருடைய மூச்சுக்குள் போகிறதோ அவனுக்குத்தான் தகவல் கடைசியாக வருகிறது. இதில் மட்டும் எண்ணூருக்கும் கோலாலம்பூருக்கும் வித்தியாசம் இல்லை.

சரி, மலேசியா என்ன செய்தது? வட கொரியர்களுக்கு இருந்த விசா இல்லாத அனுமதியை ரத்து செய்தது. தூதர் காங் சோலை வெளியேற்றியது. பதிலுக்கு வட கொரியா, தன் நாட்டில் இருந்த மலேசியர்களை வெளியே விட மாட்டேன் என்றது. தூதரக ஊழியர்களும் குடும்பத்தினருமாக 9 பேர் மாட்டிக்கொண்டார்கள். மார்ச் 31-ல் அவர்கள் வீடு திரும்பினார்கள். விலை? கிம் ஜோங் நாமின் உடலும், போலீஸ் தேடிக்கொண்டிருந்தபோது தூதரகத்துக்குள் பதுங்கிக் கிடந்தவர்களும் பத்திரமாக அனுப்பி வைக்கப்பட்டார்கள். திட்டம் போட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட வேறு 4 பேர் கொலை நடந்த அன்றே விமானம் ஏறிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது யார்? இந்தோனேசியாவின் சித்தி ஆயிஷா, வியட்நாமின் துவான் தி ஹுவோங். டி.வி. குறும்பு நிகழ்ச்சி என்று நம்பித்தான் செய்தோம் என்று சொன்ன இரண்டு ஏழைப் பெண்கள். தூக்குக் கயிறு இவர்கள் கழுத்துக்கு நேரே இரண்டு வருடம் தொங்கியது. 2019-ல் ஒருவர் மீதான வழக்கை அரசு வாபஸ் வாங்கியது. இன்னொருவர் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். கொலைக் குற்றத்துக்கு இன்று வரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இத்தனைக்குப் பிறகும் இரு நாட்டு உறவு முறியவில்லை! அது முறிந்தது 2021 மார்ச்சில். அதையும் முறித்தது மலேசியா இல்லை, வட கொரியா. காரணம், முன் சோல் மியோங் என்ற வட கொரிய வியாபாரியை மலேசியா அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தன் மண்ணில் நடந்த ரசாயனக் கொலைக்கு மலேசியா உறவை முறிக்கவில்லை. பண மோசடி வழக்கில் ஓர் ஆள் போனதற்கு வட கொரியா முறித்துவிட்டது. யாருக்கு எது முக்கியம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

"மலேசியா சின்ன நாடு, வேறென்ன செய்யும்?" என்று கேட்கலாம். நியாயம்தான். 9 பேரை மீட்டது தப்பே இல்லை. அப்படியானால் பெரிய நாடான பிரிட்டனைப் பார்ப்போம்.

2006 நவம்பரில் லண்டன் ஓட்டலில் குடித்த டீயில் பொலோனியம். முன்னாள் ரஷ்ய உளவாளி லித்வினென்கோ 3 வாரம் துடித்துச் செத்தார். பிரிட்டன் 2007-ல் 4 ரஷ்யத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது. ரஷ்யாவும் 4 பேரை வெளியேற்றியது. கணக்கு நேராகிவிட்டது! குற்றம் சாட்டப்பட்ட லுகவோய் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2012 ஒலிம்பிக்கின்போது புதின் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமரோடு உட்கார்ந்து ஜூடோ பார்த்தார். பகிரங்க விசாரணை கேட்டுக் கோர்ட் படி ஏறியது அரசாங்கம் இல்லை, லித்வினென்கோவின் மனைவி. அரசு மறுத்ததற்கு வெளிநாட்டு உறவும் ஒரு காரணம் என்று அமைச்சர் தெரசா மே 2013-ல் ஒப்புக்கொண்டார். 2016-ல்தான் அந்த விசாரணை அறிக்கை, இந்தக் கொலைக்கு அநேகமாக புதினின் ஒப்புதல் இருந்திருக்கும் என்று சொன்னது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2018 மார்ச்சில் சாலிஸ்பரி, ஸ்க்ரிபால், நோவிசோக். இந்தமுறை 20-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து 150 பேருக்கு மேல் ரஷ்ய அதிகாரிகளை வெளியேற்றின. பெரிய தலைப்புச் செய்தி. ஆனால் விஷம் இருந்த சென்ட் பாட்டில் மட்டும் ஊரிலேயே கிடந்தது. கிட்டத்தட்ட 4 மாதம் கழித்து அது டான் ஸ்டர்ஜஸ் என்ற பெண் கைக்குப் போனது. அரசியலுக்கும் உளவுக்கும் சம்பந்தமே இல்லாத அவர் ஜூலை 8-ல் இறந்தார். குறிவைக்கப்பட்ட ஸ்க்ரிபால் பிழைத்துவிட்டார்.

தூதரை வெளியேற்றுவது தண்டனை இல்லை, சடங்கு. இழவு வீட்டில் பந்தல் போடுவது மாதிரி. பந்தலைப் பிரித்ததும் எல்லோரும் அவரவர் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அப்படியானால் போருக்கா போவது? வேண்டாம். விசாரணையைப் பேரம் பேசாமல் நடத்தினால் போதும். ஆதாரத்தைக் கோர்ட்டில், வெளிச்சத்தில் வையுங்கள். குற்றவாளி வராவிட்டாலும் யார் செய்தது என்று எழுதி வையுங்கள். விஷம் பரவிய இடத்து ஜனங்களுக்கு முதலில் சொல்லுங்கள், தூதருக்கு அப்புறம் சொல்லலாம்.

இந்த அளவுகோல் இந்தியாவுக்கும் பொருந்த வேண்டும். 2023-ல் கனடாவில் நிஜ்ஜார் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அரசுக்குத் தொடர்பு இருக்கலாம் என்றது கனடா, இந்தியா அடியோடு மறுத்தது. இங்கே காலேஜ் கேன்டீன்களில் என்ன பேச்சு ஓடியது? "செஞ்சிருந்தா கெத்துதான் மச்சி!" அதே மச்சிகளில் சிலர் கனடா விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று கோர்ட் சொல்லட்டும். ஆனால் உண்மையாக இருந்தால் கைதட்டுவேன் என்கிறவனுக்கு கே.எல்.ஐ.ஏ. 2 பற்றிப் பேசத் தகுதி கிடையாது.

தமிழனுக்கு இது வெறும் உலகச் செய்தியும் இல்லை. டொரன்டோ, லண்டன், பாரிஸ் என்று நாடு விட்டுப் போய் வாழும் ஈழத்தமிழர்கள் எத்தனை லட்சம்! திருவொற்றியூரிலிருந்து பஸ் தூரத்தில் புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் எத்தனை குடும்பம்! 'ஓடிப் போனவனை எங்கே வேண்டுமானாலும் போய் முடிக்கலாம்' என்பது உலக வழக்கமாகிவிட்டால், அந்த வழக்கம் முதலில் தேடி வருவது இவர்களைப் போன்றவர்களைத்தான்.

கெத்து என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை புழல் வரை போய்விட்டு வாருங்கள்.