"சம்பளம் எவ்வளவும்மா எதிர்பாக்கறீங்க?"



நேர்காணலில் எனக்குக் குலைநடுக்கம் தரும் கேள்வி, மேலே தலைப்பில் இருப்பதுதான்.

நான் பி.காம். படித்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 6 வருடம் கணக்கு எழுதினேன். 2016ல் இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். அப்போது வாட் வரி. அடுத்த வருடம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து எல்லாமே மாறிப்போனது. இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். வீட்டில் கிடைத்த ஆலோசனை என்ன தெரியுமா? "குடுக்கறத வாங்கிக்க. இத்தனை வருசம் வீட்ல சும்மாதான இருந்த?" சொன்னது என் கணவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

ஏ.ஐ., ஏ.ஐ. என்கிறார்களே, அதை என் மகள் செல்போனில் போட்டுக் கொடுத்தாள். அதுவரை அதில் நான் எழுதி வாங்கியது பள்ளிக்கு லீவு லெட்டர் மட்டும்தான். தமிழிலேயே கேட்டேன்: "14,000 ரூபாய் கேட்டால் அதிகமா?" பதில் சொல்லும் முன் அது என்னிடமே ஒரு கேள்வி கேட்டது. வீட்டில் இருந்த காலத்தில் யாருக்காவது கணக்கு பார்த்ததுண்டா?

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அண்ணனின் ஹார்டுவேர் கடைக்கு 2018லிருந்து ரிட்டர்ன் போடுவது யார்? நான்தான். 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் 3பி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் தேதி தப்பியதில்லை. அதை வேலை என்று நானே ஒருநாளும் நினைத்ததில்லை. அண்ணன் ஒரு தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு, "நீதான் முதலாளி, நான் வேலை கேட்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லி ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை என் பதில், "நீங்களே பாத்துக் குடுங்க சார்." தொகை எதுவும் சொல்லவில்லையே என்று அது திருப்பிக் கேட்டது. மூன்று ராத்திரி, பாத்திரம் கழுவி முடித்த பிறகு இதே வேலை. நாலாவது நாள்தான் அசடு வழியாமல் ஒரு தொகையைச் சொல்ல வாய் வந்தது. இதையே பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒத்திகை பார்க்க முடியுமா? தெருவுக்கே தெரிந்துவிடும்!

ஆனால் தோழிகளே, அது சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். என் வேலைக்கு 35,000 கேட்கலாம் என்றது. பழைய கம்பெனித் தோழியிடம் விசாரித்தேன். "அது மெட்ராஸ் பெரிய கம்பெனிக் கணக்குடி. நம்ம ஊர்ல 16லிருந்து 20க்குள்ள கேளு" என்றாள். இன்னொன்று, வேறு இடத்திலும் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னது. கிடைக்கவே இல்லையே! எங்கள் ஊரில் கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரே போனில் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பொய்யை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனிப் பெயர், ஆதார் எண், வங்கி விவரம் எதையும் அதில் எழுதவும் இல்லை.

உருப்படியாகச் சொன்னதும் உண்டு. சொல்லும் சம்பளம் பி.எப். பிடித்தம் போகவா, சேர்த்தா என்று கேட்கச் சொன்னது. நம் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம். சில இடங்களில் இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய தொகையாகச் சொல்வார்கள். கைக்கு வரும்போதுதான் குறைவது தெரியும்.

அந்த நாளும் வந்தது. முதலாளி, "வீட்ல இருந்தவங்கதானுங்க, 14 தர்றேன்" என்றார். நான், "ஏழெட்டு வருசமா ஒரு கடைக்கு ரிட்டர்ன் நானே போடறனுங்க. ஒரு மாசம்கூட லேட் பீஸ் கட்டுனதில்லீங்க. 18 வேணுங்க" என்றேன். தொகையைச் சொன்ன பிறகு பேசாமல் இருக்க வேண்டும் என்பது ஒத்திகையில் படித்தது. அந்த அரை நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. "பரவால்லீங்க, கம்மி பண்ணிக்கலாம்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

பி.எப். போகக் கைக்கு 16,500. சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பலாம். சனிக்கிழமை லீவு கேட்டேன், அது நடக்கவில்லை. ஒத்துக்கொண்டதை லெட்டரில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அவர் லெட்டரை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. காபி மட்டும் அவரே போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சூட்டோடு அண்ணனுக்கும் போன் போட்டேன். "இந்த மாசத்துலருந்து ரிட்டர்ன் போட 1,500 ரூவா வேணுங்ண்ணா." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பணம் இன்னும் வரவில்லை. 20ஆம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

- ஒரு வாசகி, திருப்பூர்.