சாவி எங்கள் பையில் இருக்கட்டும்
போர்க்கப்பல் மின்பணியாளர்களின் கோரிக்கைச் சாசனம்

கப்பல் தள நிர்வாகத்துக்கும் ரீஃபிட் ஒப்பந்ததாரர்களுக்கும்:

ரேடாரோ பம்போ பீரங்கியோ, மின்சாரம் இல்லாவிட்டால் போர்க்கப்பலில் எதுவும் அசையாது. கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தில் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் கேபிள் ஓடுகிறது. கப்பல்கள் ரீஃபிட் எனப்படும் பெரும் பழுதுபார்ப்புக்கு வரும்போது இந்தக் கேபிள்களைச் சோதித்து, மாற்றி, மறுபடி உயிர் கொடுப்பவர்கள் ஒப்பந்த மின் பொறியாளர்களும் எலக்ட்ரீஷியன்களுமாகிய நாங்கள். கீழே உள்ள ஆறு கோரிக்கைகளும் புதியவை அல்ல, கூட்டங்களில் பலமுறை தலையாட்டி ஏற்கப்பட்டவை. இனி எங்களுக்கு வேண்டியது தேதி.

1. ஆளுக்கொரு பூட்டு வேண்டும். கப்பலில் மின்சாரம் ஒரே வழியாக வருவதில்லை. கரை சப்ளையை நிறுத்தினாலும் கப்பலின் ஜெனரேட்டர் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. அவசர ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கும். இன்று எங்கள் உயிருக்குக் காவல், பிரேக்கர் கைப்பிடியில் நூலால் கட்டிய ஓர் அட்டை. ‘ஆள் வேலையில்’ என்று அதில் எழுதிய மை மதியத்துக்குள் வியர்வைக் கை பட்டு அழிந்துவிடும். போன மழைக்காலத்தில் அப்படி அழிந்த அட்டையைக் குப்பை என்று ஒருவர் கழற்றிப் போட்டார். தொடுமுன் டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் எங்கள் தோழர் பிழைத்தார். வேலை செய்யும் ஒவ்வொருவரும் பிரேக்கரில் தம் பூட்டைப் போட வேண்டும். சாவி அவரவர் பையில் இருக்க வேண்டும். பூட்டின் விலை எங்கள் ஒரு நாள் கூலிக்கும் குறைவு. பதினைந்து நாள் போதும்.

2. அளந்தவர் சொல்லே முடிவாக வேண்டும். போர்க்கப்பல்களில் பொதுவாக நியூட்ரலை எர்த் செய்வதில்லை. சண்டையில் ஒரு கேபிள் அடிபட்டாலும் சப்ளை நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் முதல் எர்த் கோளாறில் பிரேக்கர் விழாது. வேறொரு ஃபேஸில் இரண்டாவது கோளாறு வரும் நாளில்தான் ஷார்ட் ஆகும். அந்த நாள் வராமல் தடுப்பது, கேபிளின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் காட்டும் அளவு. ஆனால் கப்பல் புறப்படும் தேதி நெருங்கினால், “கையெழுத்துப் போடுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார்கள். அந்த ‘அப்புறம்’ நடுக்கடலில் வரும். அளந்த பொறியாளர் மறுத்தால் அந்த சர்க்யூட்டுக்கு சப்ளை கொடுக்கக் கூடாது. மறுத்ததற்காக அவர் வேலை போகவும் கூடாது. அடுத்த கப்பல் புறப்படும் முன் இது எழுத்தில் வர வேண்டும்.

3. நீர்மூழ்கியின் பேட்டரி அறை வாசலில் வாயு அளவுப் பலகை வேண்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். உள்ளே போகிறவர் அளவைப் பார்த்துவிட்டே போக வேண்டும், வெளியே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். 2014 பிப்ரவரி 26-இல், ரீஃபிட்டுக்குப் பின் சோதனை ஓட்டத்தில் இருந்த சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி அன்றே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொறுப்பேற்க ஒரு நாள் போதுமென்றால், பலகை மாட்ட எத்தனை நாள் வேண்டும்?

4. வரைபடம் கப்பலில் உள்ளபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு ரீஃபிட்டிலும் கேபிள்கள் இடம் மாறுகின்றன, படம் மட்டும் பழையபடியே கிடக்கிறது. படத்தில் இல்லாத கேபிளுக்கு உயிர் இருக்கிறதா என்று எங்கள் கைதான் தேடுகிறது. திருத்திய வரைபடம் வராத வேலைக்கு பில் பாஸ் ஆகக் கூடாது. நடக்கும் ரீஃபிட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

5. கேட் பாஸ் ஆளுக்கு உரியதாக வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினால் எங்கள் பாஸும் செத்துவிடுகிறது. அதே ஆள், அதே கப்பல், அதே போலீஸ் சரிபார்ப்பு. ஆனாலும் வாரக்கணக்கில் கூலியில்லாமல் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். சரிபார்ப்பு செல்லும் காலம் முழுவதும் பாஸும் செல்ல வேண்டும். அடுத்த ஒப்பந்த மாற்றத்துக்கு முன் இது நடக்க வேண்டும்.

6. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி வேண்டும். 1948-இன் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்த உரிமை இது. டிரையல் வாரங்களில் விடிய விடிய சுவிட்ச்போர்டு அறையில் நிற்கும் எங்களுக்கு டீயும் பன்னும் கூலி ஆகாது. வரும் மாதச் சம்பளத்திலேயே அது சேர வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. பூட்டும் பலகையும் ஸ்டோரிலிருந்து வரும். மற்ற நான்குக்கும் தலா ஒரு சுற்றறிக்கை போதும். பதினாறாம் நாள் காலை ஷிஃப்டுக்கு வரும்போது முதலில் பிரேக்கர் கைப்பிடியைப் பார்ப்போம். அங்கே பூட்டு இல்லாவிட்டால், அது வரும்வரை அந்தக் கேபிளில் கை வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ரீஃபிட் பணியில் உள்ள ஒப்பந்த மின் பொறியாளர்கள், எலக்ட்ரீஷியன்கள்