நத்தை குத்தி நாரை சிலபஸில் இல்லையாம்!

பிப்ரவரி வந்துவிட்டால் எங்கள் ஊரில் இரண்டு சத்தம் கேட்கும். விடிந்ததும் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போகும் வேன்களின் ஹார்ன். விளக்கு வைத்த பிறகு, பொதுத்தேர்வுப் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் குரல். முப்பது வருஷத்துக்கு மேல் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஹார்ன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வேன். ஒப்பிக்கிற சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு, அடுத்து நீட். போன வாரம் மூன்று பாடங்களைத் திருப்பிப் பார்க்க வந்தான்: வகைப்பாடு, சூழல் மண்டலம், நுண்ணுயிரிகள். “உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்” என்று ஒரே மூச்சில் முடித்தான். விட்டேக்கர், 1969, ஐந்துலக வகைப்பாடு. லிண்டமேன், 1942, பத்து சதவீத விதி. ஒரு பிசிறு இல்லை.

“சரிடா, ஏரிக்கரையில அலகை முழுசா மூடாம ஒரு நாரை நிக்குமே, அந்த அலகு நடுவுல ஏன் அப்படி இடைவெளி?”

“அது சிலபஸ்ல இல்லையே, டீச்சர்.”

அவன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் ஏரி. அந்த நாரையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறான். கையிலிருந்த கைடை வாங்கி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவனைக் கரைக்குக் கூட்டிப் போனேன்.

அந்தப் பறவையின் பெயர் நத்தை குத்தி நாரை. நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுக்கத் தோதான அலகு அது. அறிவியல் பெயர் அனஸ்டோமஸ் ஆசிட்டன்ஸ். வாயைப் பிளந்து கொட்டாவி விடுவது என்று பொருள். லத்தீனில் பெயர் வைத்தவர் கண்ணில் வாய் பட்டிருக்கிறது. நம் ஊர்க்காரர் கண்ணில் அந்த வாய்க்குள் போகிற நத்தை பட்டிருக்கிறது. முதலாவதை வகைப்பாட்டுப் பாடத்தில் வைக்கலாம், இரண்டாவதைச் சூழல் மண்டலப் பாடத்தில். பறவை ஒன்றுதான்.

நத்தைக்கு வருவோம். அது மெல்லுடலிகள் தொகுதி. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்திய தொல்காப்பியம், நத்தையை ஈரறிவு உயிராக வைத்தது. இன்றைய விலங்கியல் அதே நத்தைக்குக் கண்ணும் மோப்பமும் உண்டு என்கிறது. அதனால் தொல்காப்பியர் தோற்றுவிடவில்லை. அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கு வகுத்தார். லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டு உலகமாகப் பிரித்தார், விட்டேக்கர் ஐந்தாக்கினார். 1977-இல் கார்ல் வோஸ், பாக்டீரியா என்று நாம் நினைத்திருந்தவற்றில் ஒரு கூட்டம் பாக்டீரியாவே இல்லை என்று தனியே பிரித்தார்; இன்று அதை ஆர்க்கியா என்கிறோம். வைரஸை இந்த ஐந்து உலகத்தில் எதிலும் உட்கார வைக்க முடியவில்லை. வகைப்பாடு என்பது இப்படி அடித்துத் திருத்தி எழுதப்பட்டு வரும் கணக்கு. பிள்ளைகளிடம் அதைக் கல்வெட்டு மாதிரி கொடுத்துவிட்டோம்.

அடுத்தது சூழல் மண்டலம். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். சீசனில் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அந்த ஒரு ஏரியில் வயிறு நிரப்ப முடியாது. சுற்றியுள்ள ஏரி, குளம், வயலெல்லாம் பறந்துதான் இரை தேடுகின்றன. 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றுப்பரப்பை 3 கிலோமீட்டராகக் குறைக்க யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது இதனால்தான். சூழல் மண்டலத்தின் எல்லை கரையோடு முடிவதில்லை என்பது தெரியாதவருக்கு அந்தச் சண்டை விளங்காது. பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பலருக்கும் விளங்கவில்லை.

மூன்றாவது, நுண்ணுயிர். 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். காரணம், எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். எச்சத்தின் வெள்ளை யூரிக் அமிலத்தை நெல் அப்படியே எடுத்துக்கொள்ளாது. பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்க, நைட்ரோசோமோனாஸ் நைட்ரைட்டாக்க, நைட்ரோபாக்டர் நைட்ரேட்டாக்கித் தருகிறது. பையன் இந்தப் பெயர்களை நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் வரைந்திருக்கிறான். அது தன் வீட்டுச் சோற்றுக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

நுண்ணுயிர் என்றாலே நோய் என்றுதான் பிள்ளைகள் மனதில் பதிய வைத்திருக்கிறார்கள். அதையும் அரைகுறையாக. என்னிடம் படித்து நூற்றுக்கு நூறு வாங்கிய ஒருவர், சளி பிடித்ததும் மருந்துக் கடையில் தானாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதைப் பார்த்தேன். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சளி எதனால் வருகிறது என்ற ஒரு மதிப்பெண் கேள்வியை வகுப்பில் போட்டதும் நான்தான். பழியில் என் பங்கும் உண்டு.

“நீட்டுக்கு நேரமே இல்லை, ஏரிக்கரையில் என்ன பாடம்?” என்று பையனின் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் கரையில் இருந்தது முக்கால் மணி நேரம். திரும்பும் வழியில் அவனே சொன்னான்: “நீர்ச்செடியில ஆயிரம் ஜூல் இருந்தா நத்தைக்கு நூறு, நாரைக்குப் பத்துதான், இல்ல டீச்சர்? அப்ப இத்தனை நாரைக்கு எத்தனை ஏரி வேணும்!” சற்று முன் ஒப்பித்த பத்து சதவீத விதி அப்போதுதான் அவனுக்குள் இறங்கியது.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உன் ஊரில் பார்த்த ஒரு நீர்நிலையின் உணவுச் சங்கிலியை எழுது என்று ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. கைடில் விடை கிடைக்காத கேள்வி. பெற்றோரிடமும் ஒன்று: தேர்வுக்கு முன் ஒரு சாயங்காலம் பிள்ளையை ஏரிக்கோ குளத்துக்கோ வயலுக்கோ அனுப்புங்கள். மார்ச் தாண்டினால் பறவைகள் கிளம்பிவிடும்.